பிள்ளைகளோடு பிரெஞ்ச் டோஸ்ட்: வேலை முதல் நாள் இரவே தொடங்குகிறது

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டது இது. ஓகஸ்ட் விடுமுறை. வீட்டில் ஒன்பது வயது மகளும் நாலரை வயது மகனும். இரண்டு பேருக்கும் பிரெஞ்ச் டோஸ்டைத் தாங்களே செய்ய வேண்டுமாம். “இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டேன் அக்கா. வெளியே கருகுது, உள்ளே களி மாதிரிக் கிடக்கு. முட்டை வெடுக்கு வேறு. சின்னவன் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். பிள்ளைகளை அடுப்படிக்குள் விடவும் பயமாயிருக்கு. எங்கே பிழை விடுகிறேன்?”

தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்று குறையும் மூன்று வேறு இடத்தில் பிறக்கின்றன. உள்ளே களியாவது பாணால். வெடுக்கு அடிப்பது முட்டையை அடிக்கிற விதத்தால். கருகுவது அடுப்பின் சூட்டால். மூன்றையும் திருத்தலாம், மூன்றிலும் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை இருக்கிறது. மனைப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மூன்று பேரப்பிள்ளைகளோடு மாதத்துக்கு ஒரு தரமாவது இதைச் செய்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாண். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். “பின்னேரம் பாண் ஓட்டோவில், சுடச்சுட” என்றீர்கள். சங்கதி அங்கேதான் இருக்கிறது. சுடச்சுட வாங்கின பாண் சம்பலோடு சாப்பிட அருமையான பாண். முட்டையும் பாலும் கலந்த முட்டைப்பாலில் தோய்த்துச் சுடுவதற்கு அது ஆகாது. புதுப் பாணின் உட்பகுதி மென்மையாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அதைப் பாலில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து நிற்க அதற்குப் பலம் இல்லை, குழைந்து போகிறது. குழைந்ததை எவ்வளவு நேரம் சுட்டாலும் நடுப்பகுதி இறுகாது. நீங்கள் உள்ளே வேகட்டும் என்று அடுப்பைக் கூட்டியிருப்பீர்கள், வெளியே கருகியிருக்கும்.

ஒரு நாள் கழிந்த பாணில் மாப்பொருள் மறுபடி இறுகிவிடுகிறது. கொஞ்சம் ஈரமும் போய்விடுகிறது. அது பஞ்சு மாதிரிப் பாலை வாங்கிக்கொள்ளும், ஆனால் உருக்குலையாது.

இந்தப் பண்டம் உலகத்தில் வந்ததே பழம்பாணுக்காகத்தான். பிரெஞ்சுக்காரர் இதைப் பிரெஞ்ச் டோஸ்ட் என்று சொல்வதில்லை. அவர்கள் ‘பான் பெர்டூ’ என்பார்கள், ‘வீணாய்ப் போன பாண்’ என்று அர்த்தம். ஜெர்மன்காரர் வைத்த பெயர் ‘ஏழை வீரர்கள்’. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் செய்வார்கள், போர்த்துக்கல்லில் நத்தாருக்குச் செய்வார்கள். ரோமர் காலத்துச் சமையல் குறிப்புத் தொகுப்பு ஒன்றிலேயே பாணைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தேன் விட்டுச் சாப்பிடுகிற முறை இருக்கிறது. எங்கள் சின்ன வயதில் வீட்டில் இதற்குப் ‘பொம்பே டோஸ்ட்’ என்று பெயர். பெயர் எதுவானாலும் எல்லா ஊர்த் தாய்மாரும் ஒரே காரணத்துக்காகத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்: நேற்று மிஞ்சின பாணை எறிய மனம் வரவில்லை. ‘பாண்’ என்கிற சொல்லே போர்த்துக்கீசர் விட்டுப்போனது என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். கோட்டையையும் கோணேசர் கோயிலையும் பார்த்து வளர்கிற பிள்ளை, போர்த்துக்கீசர் என்றால் யாரென்று கேட்டறிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில்தான் வருகிறது. அந்தக் கப்பல்களில் பல வந்து நிற்பது நம்முடைய துறைமுகத்தில். சீனக்குடாவில் உயரமாகத் தெரிகிற பிரிமா ஆலையில் அரைபட்டு மாவாகி, நாடு முழுக்கப் போகிறது. ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது பேரனுக்கு அந்த ஆலையைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து பாண் துண்டைக் கையில் எடுத்தபோது, “இது கப்பலில் வந்ததா அம்மம்மா?” என்று கேட்டான். அன்றைக்குப் பிறகு அவன் பாண் கரையைப் பிய்த்து எறிவதில்லை.

சரி, எந்தப் பாண்? வெட்டாத அச்சுப் பாண் வாங்குங்கள். ஒரு இறாத்தல், அதாவது 450 கிராம் பாண் போதும். நீங்களே இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் வெட்டுங்கள், சுட்டுவிரலின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். வெட்டியே பையில் வருகிற சாண்ட்விச் பாண் மெல்லிசு. தோய்த்துத் தூக்கும்போதே கிழியும், பிள்ளை அழும். ரோஸ் பாணின் தடித்த பொறுக்குக்குள் பால் சரியாக இறங்காது. முதல் நாள் மிஞ்சின பணிஸ் இருந்தால் குறுக்கே இரண்டாக வெட்டிச் செய்து பாருங்கள், அது நன்றாக வரும். மேலே சீனி ஒட்டின பணிஸ் மட்டும் வேண்டாம், கல்லில் பட்டதும் கருகும்.

இரவு சாப்பாடு முடிந்தபின் பாணை வெட்டி ஒரு சுளகில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு வைக்க வேண்டும். இந்த வேலையை முழுக்கச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள். வெட்டுவது நீங்கள், அடுக்குவது அவன். ஒன்றில் ஒன்று முட்டாமல் அடுக்கச் சொல்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள். நாலரை வயதுப் பிள்ளை ஆறு துண்டைத் திரும்பத் திரும்ப எண்ணும். காலையில் எழும்பினதும் முகம் கழுவ முதல் சுளகைத்தான் போய்ப் பார்க்கும். என் பேரன் ஒவ்வொரு துண்டையும் விரலால் தட்டிப் பார்ப்பான். மேலே காய்ந்து ‘டொக்’ என்று சத்தம் வரவேண்டும், நடுவில் அமத்தினால் இன்னும் கொஞ்சம் இளக்கம் தெரிய வேண்டும். அதுதான் பதம். “ஐந்து சரி, ஒன்று இன்னும் நித்திரை” என்று ஒருநாள் வந்து சொன்னான். அந்த ஒன்று சுவர்ப்பக்கம், காற்றுப் படாமல் இருந்தது.

நம்முடைய ஊரில் காலத்தைப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம். யன்னலைத் திறந்து வைத்தால் இரவு முழுக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே துண்டு விறைத்துவிடும். விடியும்வரை விட்டால் ரஸ்க் மாதிரி ஆகி, நடுவில் பால் இறங்காது. அதனால் படுக்கப் போகும்போது தொட்டுப் பார்த்து, விறைக்கத் தொடங்கியிருந்தால் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் பிடித்துக்கொண்டால் கதை மாறும். அப்போது வெளியே வைத்த பாண் காய்வதற்குப் பதில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காலத்தில் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மெல்லிய சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டி எடுங்கள். ஓவன் இருந்தால் 150 பாகையில் பத்து நிமிடம். எறும்புத் தொல்லை உள்ள வீடென்றால் துண்டுகளைத் தட்டில் பரப்பி மூடாமல் பிரிட்ஜுக்குள் இரவு வைக்கலாம். பாண் வெளியே இருப்பதைவிடப் பிரிட்ஜுக்குள் விரைவாக இறுகும். மற்ற நாளில் அது கேடு, இந்த வேலைக்கு அது நன்மை.

பழம்பாண் வேறு, பூஞ்சணம் பிடித்த பாண் வேறு. ஒரு புள்ளி பச்சையோ கறுப்போ தெரிந்தால் முழுவதையும் எறியுங்கள். சுரண்டிவிட்டுப் பாவிக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

அடுத்தது முட்டைப்பால். ஆறு துண்டுக்கு மூன்று முட்டை, முக்கால் கோப்பைப் பால், அதாவது 180 மில்லிலீற்றர். ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், அரைத் தேக்கரண்டி வனிலா. மனதில் வைக்க இலேசான கணக்கு: இரண்டு துண்டுக்கு ஒரு முட்டை, ஒரு முட்டைக்கு 60 மில்லிலீற்றர் பால். மகளிடம் பேப்பரையும் பேனையையும் கொடுத்து, “மாமா வீட்டாரும் வந்தால் பத்துத் துண்டுக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். விடுமுறையில் கணக்குச் செய்ய மாட்டேன் என்கிற பிள்ளையும் இதைச் செய்யும். பால் கூடினால் நடு இறுகாது. முட்டை கூடினால் ஒம்லட் போர்த்தின பாணாகிவிடும். பால்மா பாவிக்கிற வீட்டில் முக்கால் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பால்மா, கட்டியில்லாமல் கரைத்து, ஆறவிட்டு எடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை திரையும். சிலர் ரின்பால் விடுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் அதில் சீனி அதிகம், பிறகு தனியாகச் சீனி போடக்கூடாது, அடுப்பையும் இன்னும் குறைக்க வேண்டும். எனக்கு அது விருப்பமில்லை. இனிப்பு மேலே விடுகிற பாணியில், அந்தப் பாகில், இருந்தால் போதும்.

முட்டை உடைப்பதைப் பெரியவளிடம் கொடுங்கள், சின்னவனும் ஒன்று உடைக்கட்டும். கோப்பையின் விளிம்பில் தட்டப் பழக்க வேண்டாம். விளிம்பில் தட்டினால் ஓடு உள்ளே குத்தி, துண்டு துண்டாய் விழும். மேசையில், தட்டையான இடத்தில் ஒரு தட்டு. கீறல் விழுந்ததும் இரண்டு பெருவிரலையும் அந்தக் கீறலில் வைத்துப் பிரிக்க வேண்டும். எப்போதும் ஒரு சின்னக் கோப்பையில் தனித்தனியாக உடைத்து, பார்த்து, மணந்து, பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். கெட்ட முட்டை ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் வீண். முட்டை விற்கிற விலையில் அது சின்ன நட்டமில்லை.

பேரன் முதன்முதல் முட்டை உடைத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். முதல் தட்டு மெதுவாக, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தட்டு இன்னும் மெதுவாக. மூன்றாவது தட்டில் முட்டை கைக்குள்ளேயே உடைந்து, வெள்ளைக்கரு முழங்கைவரை வழிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் துணியை நீட்டினேன். துடைத்துவிட்டு, “இன்னொன்று தாங்கோ” என்றான். அடுத்தது சரியாக விழுந்தது, ஒரு சின்ன ஓட்டுத் துண்டோடு. விரலால் பிடிக்கப் பிடிக்க அது வழுக்கி ஓடியது. விரலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு எடு என்றேன், வந்துவிட்டது. ஒரு முட்டை போகட்டும் தங்கச்சி. அந்த நேரம் கையிலிருந்து பறித்து நீங்கள் உடைத்தீர்களென்றால், பிள்ளை அடுத்த முறை கேட்க மாட்டாது.

உடைத்து முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கலவையை விரலால் தொட்டு நக்கக்கூடாது. பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் கொண்டுவரும். இதைப் பயமுறுத்தாமல், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீனி போட்ட கலவை, ஆசை வரும்தானே.

இப்போது வெடுக்குக்கு வருகிறேன். பெரும்பாலும் அது அடிபடாத வெள்ளைக்கருவின் வேலை. வெள்ளைக்கரு சளி மாதிரிக் கட்டியாய்க் கிடந்து, பாணின் மேலே ஒட்டி, கல்லில் பட்டதும் வெள்ளை நூலாக வெந்து நிற்கும். சின்னவன் கடித்தது அதைத்தான். அதனால் பால் ஊற்ற முதல் முட்டையை முள்ளுக்கரண்டியால் ஒரு முழு நிமிடம் அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் தண்ணீராய் வழிய வேண்டும், கயிறு மாதிரித் தொங்கக்கூடாது. பிறகு பாலை ஊற்றிக் கலக்கி, தேத்தண்ணி வடியில் ஒரு தரம் வடித்துவிடுங்கள். ஓட்டுத் துண்டு ஏதும் தப்பியிருந்தால் அதுவும் அதில் நின்றுவிடும். ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவிச் சேர்த்தால் மணம் எடுபடும். வெள்ளைப் பகுதி கைக்கும், அது வரவேண்டாம்.

கறுவாத்தூள் போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாலின் மேலே தூவினால் அது கரையாது, மிதக்கும். மரப்பட்டைத் தூள் எப்படிக் கரையும்? முதல் துண்டைத் தோய்த்ததும் அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும், மற்ற ஐந்துக்கும் ஒன்றும் இராது. அதனால் முதலில் சீனி, உப்பு, கறுவாத்தூள் மூன்றையும் உலர்வாகக் கலந்து, அதற்குள் முட்டையை ஊற்றி அடியுங்கள். தூள் முட்டையில் பிடிபட்டு ஒரே மாதிரிப் பரவும். வடித்தபின் வடியில் கொஞ்சம் தூள் நின்றால் அதைக் கரண்டியால் தேய்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவதைவிடக் காட்டுவது நல்லது. ஒரு கிளாஸ் தண்ணீரில் கறுவாத்தூளும், இன்னொன்றில் சீனியும் போட்டுக் கலக்கக் கொடுங்கள். ஒன்று மறையும், ஒன்று மறையாது. கடையில் தூளாக வாங்காமல் நம்முடைய இலங்கைக் கறுவாப்பட்டையையே வாங்கி, சீனியோடு சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். மெல்லிய சுருள் சுருளாய், கையால் நொறுக்கக்கூடியதாய் இருப்பது நம்முடையது. தடித்து, மரக்கட்டை மாதிரி ஒற்றைச் சுருளாய் இருப்பது வேறு சாதி. நம்முடையதன் இனிப்பு மணம் அதில் இல்லை.

தோய்ப்பதற்குக் குழிந்த கோப்பை வேண்டாம். அடி பரந்த தட்டையான பாத்திரம் எடுங்கள், துண்டு படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு பக்கம் இருபது எண்ணும்வரை, திருப்பி மற்றப் பக்கம் இருபது. எண்ணுவது சின்னவன். பிறகு இரண்டு கையாலும் தூக்கி, சொட்டுவது நிற்கும்வரை பிடித்து, ஒரு தட்டில் வைக்க வேண்டும். நீங்கள் கல்லில் எத்தனை போடுவீர்களோ அத்தனைதான் தோய்க்க வேண்டும். ஆறையும் ஒன்றாய் ஊறப் போட்டால் கடைசித் துண்டு கூழாகிவிடும்.

இனி அடுப்பு. நீங்கள் பயப்படுவது சரி. என் மகளுக்கு ஆறு வயதில் சட்டியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்க்கையில் தோள்பட்டை அதில் தட்டிவிட்டது. எண்ணெய் கையில் பட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பற்பசை பூசச் சொன்னார்கள், நானும் பூசினேன். அது பிழை. இன்றைக்கும் அவள் முழங்கைக்குக் கீழே அந்த அடையாளம் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். சூடுபட்டால் உடனே பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, பட்டர், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் போட்டால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி வைத்தியரிடம் போங்கள்.

அதனால் என் வீட்டில் ஒரு கோடு இருக்கிறது. அடுப்பு மேடையிலிருந்து மூன்று அடி தள்ளி, நிலத்தில் இருக்கிற ஓட்டின் ஒரு வெட்டு. அந்தக் கோட்டுக்கு இங்கால் சின்னவர்களின் மேசை. அங்கே உடைப்பது, அடிப்பது, தோய்ப்பது எல்லாம் நடக்கும். கோட்டுக்கு அங்கால் எட்டு வயதுக்கு மேற்பட்டவர் மட்டும், அதுவும் ஒரு பெரிய ஆளோடு. நீங்கள் சோக்கால் கூட ஒரு கோடு போடலாம். பிள்ளைகள் கோட்டை மதிப்பார்கள். “தள்ளிப் போ, தள்ளிப் போ” என்று கத்துவதைவிட அது நன்றாய் வேலை செய்கிறது.

தாச்சி வேண்டாம். தோசைக்கல் அல்லது அடி தடித்த தட்டையான பான் எடுங்கள். பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். அடுப்பு நடுத்தரத்துக்கும் குறைவாக. அரைத் தேக்கரண்டி எண்ணெயும் ஒரு சின்னத் துண்டு பட்டரும் சேர்த்துப் போடுங்கள். பட்டர் மட்டும் போட்டால் அதிலிருக்கிற பால்பகுதி சீக்கிரம் கருகிவிடும். நெய் என்றால் அந்தப் பயம் இல்லை. பட்டர் நுரைத்து, நுரை அடங்குகிற நேரம் பாணைப் போட வேண்டும். அப்போது கேட்கிற சத்தத்தைக் கவனியுங்கள். ‘சுர்ர்’ என்று மெதுவாக, மழை தூறுகிற மாதிரி இருந்தால் சூடு சரி. படபடவென்று வெடித்தால் அடுப்பைக் குறையுங்கள். சத்தமே இல்லையென்றால் கல் காயவில்லை, பாண் எண்ணெயைக் குடிக்கும். மகளைக் கண்ணை மூடி இந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். சமையலில் காது பாதி வேலை செய்கிறது என்பது அந்த வயதிலேயே பிடிபடட்டும்.

பக்கத்துக்கு மூன்று நிமிடம். இடையில் தூக்கித் தூக்கிப் பார்க்கக்கூடாது. ஓரத்தில் பொன்னிறம் தெரிந்ததும் மகள் திருப்பலாம். தட்டகப்பையை முழுதாக அடியில் செலுத்தி, தன்னை நோக்கி அல்ல, அங்கால் பக்கமாகப் புரட்ட வேண்டும். நீங்கள் பின்னால் நின்று அவள் கையின்மேல் கை வையுங்கள், முதல் இரண்டு துண்டுக்கு மட்டும். மூன்றாவதுக்குக் கையை எடுத்துவிடுங்கள், ஆனால் விலக வேண்டாம். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம் மூடி போட்டால் நடுப்பகுதியும் வேகும். வெந்ததா என்று பார்க்க, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் மெதுவாக அமத்துங்கள். ஈரம் ஊறி வந்தால் இன்னும் ஒரு நிமிடம். பஞ்சு மாதிரித் திரும்பி எழும்பினால் முடிந்தது. உள்ளே 70 பாகைக்கு மேல் போனால்தான் முட்டை முழுதாக இறுகி, கிருமியும் சாகும். அமத்திப் பார்ப்பது அதற்கான வீட்டு அளவு. ஒவ்வொரு தரமும் கல்லைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாய் எண்ணெய் விடுங்கள். பழைய கருகல் அடுத்த துண்டில் ஒட்டினால் கசக்கும்.

மேலே விடுவதற்குக் கித்துள் பாணியைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் மேப்பிள் மரத்துப் பாணி விடுகிறார்கள் என்றால், நமக்குக் கித்துள் மரம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி போதும். பக்கத்தில் ஒரு கரண்டி எருமைத் தயிர். மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து சட்டியில் வருகிற கட்டித் தயிர் என்றால் இன்னும் நல்லது. சூடான டோஸ்ட், குளிர்ந்த தயிர், பாணி மூன்றும் ஒரு வாயில் சேரும்போது பிள்ளைகள் பேசமாட்டார்கள். கதலி வாழைப்பழத்தை நீளமாக வெட்டி அதே கல்லில் ஒரு நிமிடம் வாட்டியும் வைக்கலாம். தேன் விடுகிற வீடு என்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் அதைக் கொடுக்கவே கூடாது, ஒரு சொட்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சாகும்.

வெள்ளிக்கிழமை முட்டை சமைக்காத வீடா? அல்லது பிள்ளைக்கு முட்டை ஒவ்வாதா? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கோப்பைப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் கட்டியில்லாமல் கரைத்து, அதில் தோய்த்துச் சுடுங்கள். கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோள மாதான், முட்டை இல்லை. 1837 இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்ததே மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதால்தான். ஆனாலும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே கொடுங்கள். பசும்பாலுக்குப் பதில் கட்டித் தேங்காய்ப்பாலும் நன்றாக வரும். 2022 இல் காஸும் பால்மாவும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களில், காஸ் அடுப்பை மூடி வைத்துவிட்டு, முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் தேங்காய்ப்பாலில் செய்தேன். பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் “அந்த முற்றத்து டோஸ்ட்” என்று கேட்பார்கள். தேங்காய்ப்பாலுக்கு ஏலக்காய்தான் பொருத்தம், கறுவா அல்ல.

வீட்டில் இனிப்புச் சாப்பிடாத தாத்தா, அப்பம்மா இருந்தால் சீனியும் கறுவாவும் போடாமல் கொஞ்சம் முட்டையும் பாலும் வேறாக அடித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியாய் நறுக்கிப் போட்டு, மிளகுதூள் தூவிச் சுட்டுக் கொடுங்கள். உப்பு மட்டும் கொஞ்சம் கூட வேண்டும்.

பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகளின் வேலைதான். முட்டை அடித்த பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் பட்டால் முட்டை வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. காஸ் சிலிண்டரை நீங்களே மூடுங்கள்.

டோஸ்ட் மிஞ்சினால் ஆறவிட்டு மூடி பிரிட்ஜில் வைத்து அடுத்த நாளே முடித்துவிடுங்கள். எண்ணெய் விடாமல் கல்லில் வாட்டினால் போதும். கோட்டைப் பக்கம் போகும்போது மான்களுக்குப் போடலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். புல்லும் இலையும் தின்கிற வயிறு அது. பாணும் சீனியும் அதற்குக் கூடாது.

நாளைக் காலை செய்வதாக இருந்தால், இன்று பின்னேரம் பாண் ஓட்டோ வந்ததும் வெட்டாத அச்சுப் பாண் ஒன்று வாங்கி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியில் இழுபட்டுப் பிய்யும். இரவு எட்டு மணிபோல வெட்டிவிட்டு, சுளகைச் சின்னவன் கையில் கொடுங்கள்.